குன்றிலிருந்து தெரிந்த மொட்டைமாடி

குன்றின் உச்சியில் தொலைநோக்கி வைத்து, வருகிறவர்களுக்கு ஊரைக் காட்டிப் பிழைக்கிறவர் அவர். துறைமுகம், கலங்கரை விளக்கம், கடலோரத்துப் பெரிய வீடுகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும் தொலைநோக்கிக் குழாயை ஒரு மொட்டைமாடிப் பக்கம் திருப்புவார். அங்கே அவருடைய ஒரே மகள் துணி உலர்த்த வருவாள்.

மகள் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டைப் பொறுத்தவரை அவர் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. "எங்க அப்பா உயிரோட இல்லை" என்று கல்யாணப் பேச்சிலேயே மகள் சொல்லிவிட்டாள். குன்றில் நின்று தொண்டை கிழியக் கூவி ஆள் பிடிக்கிறவனை அந்தப் பெரிய மனிதர்கள் சம்பந்தி என்று கூப்பிடுவார்களா என்ன? "நீ நல்லா இருந்தா போதும்மா" என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

மாடியைப் பார்த்து முடித்ததும் குழாயைக் கலங்கரை விளக்கத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அது ஒருநாளும் தவறியதில்லை. அன்று, மாடியில் அவளைக் காணோமே என்று தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தால், மகளே எதிரில் படியேறி வருகிறாள். கூடவே புருஷனும் மாமியாரும். மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தள்ளி நின்று வழி விட்டார். குழாயைத் திருப்ப மறந்தே போனார்.

மாமியார்தான் முதலில் கண்ணை வைத்தாள்.

"டேய், இது நம்ம வீட்டு மாடிடா! கொடியில நம்ம துணி!"

மருமகனும் பார்த்தான். பார்த்த வேகத்தில் கிழவரின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"யோவ், வீட்டுப் பொம்பளைங்களையா நோட்டம் விடறே? இந்த வயசுல உனக்கு இது கேக்குதா?"

கூட்டம் கூடிவிட்டது. 'என் மகள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவள் குடித்தனம் நாறிப்போகும். அதனால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவளே சொல்லிவிடுவாள் என்று அந்தப் பைத்தியக்கார மனசு நம்பியது.

மகள் புருஷனின் கையை விலக்கினாள்.

"விடுங்க, நமக்கு எதுக்கு வம்பு? பெத்த பொண்ணுன்னு ஒருத்தி இருந்தா புத்தி இப்படிப் போகுமா?"

"ஏன்யா, உனக்குப் பொண்ணு கிண்ணு இல்லையா?" என்றாள் மாமியார்.

"இல்லீங்கம்மா" என்றார் அவர். பொய் சொல்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.