ஒரு கதவு தூரம்

மாவுக்கட்டுப் போட்ட இடது கையை மேசைமேல் வைத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அவள் மடியிலேயே ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காவல் நிலையத்து மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. பக்கத்தில் கணவன். இராக்காவல் வேலை முடிந்து நேராக வந்தவன், உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துகொண்டிருந்தான். எதிரே மருந்துக்கடைக்காரர். மாமியாருக்கு மூச்சிரைப்பு மாத்திரை இத்தனை வருஷமாக அவர் கடையில்தான். ஆளைப் பார்த்ததுமே மருந்தை எடுத்து வைத்துவிடுகிற மனுஷர்.

போன வாரம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு அவள் வேலைக்குப் போகும்போது நடந்தது. பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. சைக்கிளை ஒதுக்கினாள். ஓரமாய் நின்ற கார்களை உரசாத குறையாக ஓட்டினாள். அதில் ஒன்றின் கதவு படாரென்று திறந்தது. அவ்வளவுதான். கதவைத் திறந்தவர் மருந்துக்கடைக்காரர். ஓடி வந்து தூக்கியவரும் அவர்தான். தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். ஆனால் அங்கே கேட்டவர்களிடம், "இந்தம்மாதான் வந்து மோதிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். எலும்பு முறிந்ததைவிட அந்த வார்த்தைதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாய் நின்றது.

"விட்டுத் தொலையேன்," என்று கணவன் வீட்டில் கெஞ்சிப் பார்த்தான். "நாளைக்கு அவர் கடைப் படிதானே ஏறணும்?"

"ஏறலாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏறணுமா?"

மறுநாளே அவள் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஏட்டு பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார். "சைக்கிள்ல போறவங்க ஓரமா போக வேணாமாம்மா?"

"ஓரமாத்தான் போனேன் சார். ஓரத்துலதான் கதவு இருந்துச்சு."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "மணி இருக்கா?"

"இருக்கு. அடிக்காது."

கணவனின் தூக்கம் கலைந்துவிட்டது. உள்ளதை உள்ளபடி கொட்டுகிறாளே என்று முறைத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"ரிப்பேர் பண்ணாம ஓட்டினது என் தப்பு. அதையும் எழுதிக்கோங்க சார். ஆனா நான் போய் மோதல. நான் போற வழியில கதவு வந்துச்சு."

ஏட்டு மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சட்டப்படி, கதவைத் திறக்கிறவங்கதான் பின்னால பாத்துட்டுத் திறக்கணும். நீங்க பாத்தீங்களா சார்?"

மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். பார்த்தேன் என்று சொல்லத்தான் வந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கண் அவள் மடியில் இருந்த கட்டின்மேல் போய் நின்றது. வெளியே ஏதோ வண்டி கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது.

"போன்ல பேசிக்கிட்டே இறங்கினேன்," என்றார் கடைசியில். "பாக்கல."

ஜெயித்துவிட்டோம் என்று மனசு துள்ளும் என்று நினைத்திருந்தாள். துள்ளவில்லை. எங்கேயாவது கையைக் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது. எழுந்தபோது ஏட்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "சட்டம் உன் பக்கம்தாம்மா. ஆனா ரோட்டுல அது உன் கூடவே வராது. நீதான் பாத்துப் போகணும்."

அதற்கப்புறமும் மருந்துக்கடைக்காரர் மருந்து கொடுத்தார். கணவன் போனால் பொட்டலத்தை நகர்த்திவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். "ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறார்," என்று கணவன் வந்து முணுமுணுப்பான். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்காகச் சொன்னதைத் திரும்ப விழுங்கவா முடியும்?

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. பொழுது சாயும் நேரம் சைக்கிளை எடுத்தாள். புது மணி, பின்பக்கம் சிவப்பு விளக்கு. வரிசையாய் நின்ற கார்களை விட்டு ஒரு கதவு தூரம் தள்ளி, சாலைக்குள்ளேயே ஓட்டினாள். பின்னால் பஸ் வந்தது. ஹாரன் முதுகில் குத்தியது. கைப்பிடி தானாகவே ஓரத்துக்குத் திரும்பப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தாள். மறுபடியும் ஹாரன். அவள் விலகவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. அதற்கு உடம்பில் சக்தியும் இல்லை.

பஸ் வேகத்தைக் குறைத்தது. அதன் விளக்கு வெளிச்சத்தில் அவளும் சைக்கிளும் நீண்ட நிழலாய் அவளுக்கு முன்னால் சாலையில் விழ, அந்த நிழலைத் தொடர்ந்து அவள் மெதுவாக மிதித்துக்கொண்டே போனாள்.