பத்திரிகைக்குச் சொன்ன அளவு

என் கணவர் வெர்லினுக்குக் கை தவறாது, வாய்தான் தவறும். அதனால்தான் அந்த மாதக் கார் பத்திரிகையில் அவர் பேட்டியைப் பார்த்ததும் ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தேன்.

இண்டியானாவில் எங்கள் பட்டறையில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுகிறோம். பிஸ்டனைச் சுற்றி மாட்டும், ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வளையம்தான் ரிங்; அதன் முனைகளை ராவி, நடுவே இடைவெளி விடுவது என் வேலை. சூட்டில் ரிங் நீளும். இடைவெளி போதாவிட்டால் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும். மற்றதைவிட அதிகம் சூடாகும் டர்போ எஞ்சினுக்கு நான் விடுவது, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இருபத்தாறு பங்கு. பத்திரிகையிலோ பதினான்கு என்று வெர்லின் சொன்னதாகப் போட்டிருந்தது.

நிருபர்தான் உளறிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். எண்ணெய் பம்புக்கும் தண்ணீர் பம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதுகிறவர்கள்தானே. ஆனால் படத்தில் வெர்லின் மாட்டிக்கொண்டிருந்த, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் திரும்பியிருந்தது. சரிவு வெட்டிய பக்கம் வெளியே பார்க்க வேண்டும், அது உள்ளே பார்த்தது. தூக்கத்தில்கூட அவர் அப்படி மாட்டுகிறவர் இல்லை.

"யோவ் வெர்லின், இது அந்தாளு தப்பா, இல்ல உன் வேலையா?"

"நம்ம அளவ நாமளே ஊருக்குப் பந்தி வைக்கணுமா?" என்று சிரித்தார். "பத்திரிகைக்கு எவன் நிஜத்த சொல்றான்? நம்ம போட்டிக்காரன் கெண்ட்ரிக் பத்திரிகைல சொன்னத நம்பி நான் ஒரு எஞ்சின் ஹெட்ட பாழாக்கலையா?"

அதுவும் உண்மைதான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது இது. படித்து ஏமாறுகிறவன் போட்டிக்காரனாக இருந்தால் கொண்டாட்டம்.

அந்த வார இறுதியில் என் தம்பி ராய்ஸ் சாப்பிட வந்தான். ஆசை ஆசையாக வைத்திருந்த மீன்பிடிப் படகை விற்று, அந்தக் காசில் பந்தயத்துக்கு டர்போ எஞ்சின் ஒன்றைத் தானே கட்டிக்கொண்டிருந்தான். அவன் காரின் பின்சீட்டில் அதே பத்திரிகை கிடந்ததைப் பார்த்தேன்.

"மச்சான், ரிங்குக்கு எவ்வளவு கேப் விடலாம்?"

"இருபத்தாறுடா." வெர்லின் சோளக் கதிரைக் கடித்தபடி சிரித்தார்.

சொன்னது நிஜம், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. ராய்ஸ் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பந்தய நாளில் அவன் கார் பாதி தூரம்தான் போனது. பின்னால் குபுகுபுவென்று புகை வந்தது, பிறகு சத்தமில்லாமல் உருண்டு ஓரத்தில் நின்றது. கூடாரத்துக்குத் தள்ளி வந்து, எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தோம். விளிம்பு உடைந்திருந்தது. ரிங்கின் முனைகள் தேய்த்து வைத்த வெள்ளிக் காசுபோல மினுங்கின. முட்டிக்கொண்டதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"எவ்வளவுடா விட்ட?" என்றார் வெர்லின்.

"பதினாலு."

"இருபத்தாறுன்னுதானேடா சொன்னேன்!"

"சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க மச்சான். பத்திரிகைப் படத்துல மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு பதினாலுன்னு சொல்லியிருக்கீங்க. போட்டிக்கு ஓட்டுறவன்கிட்ட நீங்க எப்ப நிஜத்த சொல்லியிருக்கீங்க? நானும் ஓட்டுறவன்தானே?"

வெர்லின் பிஸ்டனைத் திரும்பக் கீழே வைத்தார். தம்பியின் படகு எண்ணெய்த் தட்டில் துண்டு துண்டாகக் கிடந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடுத்த எஞ்சின நானே கட்டித் தரேன்டா. காசு வேணாம்," என்றார் கடைசியில்.

ராய்ஸ் தலையாட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அவர் கட்டும்போது பக்கத்துலயே நில்லு. ஒவ்வொண்ணையும் நீயும் ஒருவாட்டி அளந்து பாரு."

நான் அவனைத் திட்டுவேன் என்று வெர்லின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிடா," என்றேன்.