மிளகாய் மிஷினில் அரைத்த ராகி

ரத்தம் ஒன்று சொன்னது, பூங்கொடி ஒன்று சொன்னாள். இரண்டில் எதை நம்புகிறார் என்பதை டாக்டர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

"ரத்தத்துல கோதுமை எதிர்ப்பு அளவு நூத்தி எண்பதுல இருந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு நூத்தி அறுபத்தஞ்சு. இந்நேரம் பாதிக்குக் கீழ வந்திருக்கணும்மா." பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் கன்னட வாடை லேசாக அடிக்கும். "கோதுமை எங்கியோ உள்ள போகுது. பரவால்ல, சொல்லுங்க. ஆரம்பத்துல எல்லாருமே கொஞ்சம் ஏமாத்துவாங்க."

"நான் ஏமாத்தல டாக்டர்."

"சரி. இன்னும் நாலு மாசம் பாப்போம். அப்பவும் குறையலன்னா வேற மாத்திரை ஆரம்பிக்கணும். அது லேசான மாத்திரை இல்ல."

ஓசூருக்குத் திரும்பும் பஸ்ஸில் கணவன் ராஜசேகர் ஜன்னல் பக்கம் அவளுக்கு விட்டுக்கொடுத்தான். அத்திப்பள்ளி தாண்டும்வரை டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். பிறகு, காய்ச்சல்காரரிடம் பேசுவதுபோல் கேட்டான்.

"உன் கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரி இருக்குல்ல. எப்பயாச்சும் ஒருநாள்..."

"இல்லங்க."

"இல்ல, நான் திட்டமாட்டேன். மனுசின்னா ஆசை வரத்தான் செய்யும்."

அவன் திட்டியிருக்கலாம் என்று பூங்கொடிக்குத் தோன்றியது. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட ஓர் இடம் கிடைத்திருக்கும். இந்தக் கனிவை எங்கே பிடித்து நிறுத்துவது? சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம். இத்தனை நாளில் அவன் அவள் சொன்னதைச் சந்தேகப்பட்டதே இல்லை. இப்போதும் சந்தேகப்படுகிறான் என்று சொல்ல முடியாது. மன்னித்துவிட்டான், அவ்வளவுதான். செய்யாத ஒன்றுக்கு.

அதைவிட மோசம், அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. கனவில் பரோட்டா தின்பவள் அவள். பிய்த்து, சால்னாவில் ஊறவைத்து, விரலை நக்குவதுவரை கனவில் வரும். விடிந்ததும் விரலை மோந்து பார்ப்பாள். சோப்பு வாசனைதான் இருக்கும். ஆனாலும் மோந்து பார்ப்பதை விடவில்லை.

நோய்க்குப் பேர் வைத்த நாளிலிருந்து அவள் சும்மா இருக்கவில்லை. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசைதான் ஆகாது என்று தெரிந்த பிறகு, மளிகைக் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் படிக்கும் பழக்கம் வந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. கட்டிப் பெருங்காய டப்பாவில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்ததைக் கண்டுபிடித்த அன்று, யாரோ ஒருவருடைய ரகசியக் கடிதத்தைப் படித்துவிட்டவள்போல் கடை நடுவில் நின்றாள். ரசத்தில் பெருங்காயம் நின்றது. ரவை, சேமியா, மைதா எல்லாம் வீட்டை விட்டுப் போயின. அவளுக்கென்று தனிக் கல், தனிக் கரண்டி. இட்லி இருந்தது, சோறு இருந்தது, ஆப்பம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ராகி இருந்தது. அவள் ஊரில் கேப்பை என்பார்கள், கூழாகக் குடிப்பார்கள். இங்கே வந்துதான் களி கிண்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு உருண்டையும் மொச்சைக் குழம்பும் டப்பாவில் போட்டுக்கொண்டு போனால், கேண்டீனில் மற்றவர்கள் சப்பாத்திக்கு வரிசையில் நிற்கும்போது தனியாக இருப்பதாகவே தோன்றாது.

ஆனாலும் வயிறு உப்பியது. வாய்ப்புண் வந்தது. சில நாள் காலையில் கம்பெனி பஸ் ஏறும் முன்பே கால் துவண்டது.

பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்குக் கடைசிப் பரிசோதனை வேலை. பழுதான பாகம் வாடிக்கையாளரிடம் போய்விட்டால் அழக்கூடாது, கத்தக்கூடாது, ஒரு தாளில் ஐந்து முறை 'ஏன்' எழுத வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே அடுத்த ஏன். அந்தத் தாளை எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறாள். தன் உடம்புக்கு அதை நிரப்பலாம் என்பது அன்றுவரை தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுக்களைக் காலண்டரைக் கழற்றித் தரையில் விரித்தாள். வயிறு சரியில்லாத நாட்களை ஏற்கெனவே வட்டம் போட்டு வைத்திருந்தாள். இப்போது புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்: எந்த நாளில் என்ன தின்றாள், எந்த டப்பாவிலிருந்து எடுத்தாள்.

வட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை. மூன்று நான்காகச் சேர்ந்து சேர்ந்து இருந்தன. அந்தக் கொத்துகள் எல்லாம், ராகி மாவு டப்பா தீர்ந்துபோகும் கடைசி நாட்களில் விழுந்திருந்தன.

மாவு பழசானதாலா? ஒரு டப்பா தீர ஆகும் பன்னிரண்டு நாளில் மாவு கெட்டுப்போகாது. வண்டா? இல்லை. பின் ஏன் அடியில் இருப்பது மட்டும்?

அடியில் இருப்பது மிஷினிலிருந்து முதலில் விழுந்தது. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை எவர்சில்வர் டப்பாவை நேரே மில்லுக்குக் கொண்டுபோய், அதிலேயே பிடித்துவருவது அவள் வழக்கம். கம்பெனியில் ஒரு மிஷினில் வேறு பாகத்துக்கு மாற்றினால், முதல் ஐந்து பாகங்களைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். சிவப்புக் கூடையில் போட்டுவிடுவார்கள். பூங்கொடி பேனாவைக் கீழே வைத்தாள். காலண்டரை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். பயமில்லை, ஏதோ ஒன்று கதவைத் திறக்கப்போகிறது என்ற பரபரப்பு.

மில் சிப்காட்டுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. நடத்துபவள் மாதம்மாள். ஐம்பது வயது, புருவம் முதல் புடவை முந்தானைவரை மாவு. அடுத்த சனிக்கிழமை மாலை பூங்கொடி போனபோது முன்னால் நின்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"அக்கா, எனக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?"

எல்லாரும் கேட்கும் கேள்விதான். மாதம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மிளகா இல்லம்மா, பயப்படாத. அதுக்குத் தனி மிஷின் வெச்சிருக்கறன்."

"மிளகா இல்லக்கா. கோதுமை."

"கோதுமைதான். சனிக்கெழமன்னாலே கோதுமைதான். பீகார் பசங்க, ஒடிசா பசங்க, ரூமுக்குப் பத்துப் பத்து கிலோ தூக்கினு வராங்க. ஏன், கோதுமை உன்னக் கடிச்சுதா?"

"ஆமாக்கா. கடிச்சுருச்சு."

மாதம்மாள் இப்போது திரும்பினாள். பூங்கொடி சொல்லச் சொல்ல, அவள் கண்களில் முதலில் கோபம் வந்தது. "எம் மிஷினு அழுக்குன்னு சொல்ற."

"அழுக்குன்னு சொல்லல. அந்தத் துணியக் கழட்டித் தட்டிப் பாக்கட்டா?"

மாவு விழும் வாயில் கட்டியிருந்த துணிக்குழாயைக் கழற்றி, நாளிதழ் ஒன்றை விரித்துத் தட்டினாள். வெளுப்பாக ஒரு கை மாவு விழுந்தது. இன்னும் தட்டினாள். இன்னும் விழுந்தது.

"இதுலயா உனக்கு ஒடம்பு கெட்டுது?" மாதம்மாள் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தாள். இருபது வருடமாகத் தினமும் பார்க்கும் மாவை முதல் தடவை பார்ப்பதுபோல் இருந்தது அவள் பார்வை. "தின்னா என்னா ஆவும்? தொண்ட அடைக்குமா?"

"அப்டி இல்லக்கா. குடலு உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி நூல் நூலா இருக்குமாம். கோதுமை பட்டா எனக்கு அந்த நூலெல்லாம் படுத்துரும். திங்கிறது எதுவும் ஒட்டாது."

"எவ்ளோ பட்டா?"

"ஒரு சிட்டிகை போதும்."

"ஒரு சிட்டிகையா? எம் மூக்குக்குள்ளயே அதுக்கு மேல இருக்குமேம்மா."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பூங்கொடி மூலையில் இருந்த இன்னொரு மிஷினைப் பார்த்தாள். உடம்பெல்லாம் செங்கல் நிறம்.

"இதுல கோதுமை போட்டிருக்கீங்களா?"

"மிளகா மிஷின்ல யாரு போடுவா? மிளகா, தனியா, அவ்ளோதான்."

"சாம்பார்ப் பொடிக்குப் பெருங்காயம் சேத்து எடுத்துட்டு வருவாங்களே."

"அத நான் விடறதில்ல. ஒட்டிக்கும். வூட்ல போய்க் கலந்துக்கோன்னு சொல்லிடுவன்."

"அப்ப என் ராகிய இதுல போடுங்க."

மாதம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாய் வெந்துடும். வூட்ல மிக்ஸி இல்லியா உனக்கு?"

மிக்ஸி இருந்தது. ஆனால் மிக்ஸியில் அரைத்தால் மாவு வேறு, அளவு வேறு, எல்லாமே வேறாகிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அதே ராகி, அதே டப்பா, அதே களி. மில்லின் வாய் மட்டும் வேறு. இதை மாதம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, "சும்மா, என்னதான் ஆகுதுன்னு பாப்போமேக்கா," என்றாள். அந்தக் காரணம் மாதம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள். ராகி அரைந்து வந்த ஐந்து நிமிடமும் இருவரும் மாறி மாறித் தும்மினார்கள்.

முதல் நாள் களி உறைத்தது. ராஜசேகர் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, விக்கி, தண்ணீர்ச் சொம்பைத் தேடினான்.

"எதுக்கு இந்தத் தண்டனை?"

அவள் காலண்டரைக் காட்டினாள். டப்பாவின் கதையைச் சொன்னாள். அவன் வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"சரி, இதுலயும் வயிறு கெட்டுச்சுன்னா?"

"அப்ப நான்தான் திருட்டுத்தனமாத் திங்கிறேன்னு வெச்சுக்கங்க."

"நான் அப்டிச் சொன்னனா?"

"சொல்லல."

அவன் எழுந்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான்.

அந்தப் பன்னிரண்டு நாளும் பூங்கொடி தன்னைப் பக்கத்து வீட்டுக்காரியைப்போல் கவனித்தாள். கம்பெனி பஸ்ஸில் நிற்கும்போது காலை, மத்தியானத்தில் வயிற்றை, கண்ணாடியில் நாக்கை. உடம்பை எப்போதும் வேலை வாங்கியே பழகியவள். அதனிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது புதிதாக இருந்தது. ஒன்பதாம் நாள் வந்தது. வழக்கமாக முதல் வட்டம் விழும் நாள். ஒன்றும் ஆகவில்லை. உடனே சந்தோஷப்பட அவளுக்கு வெட்கமாக இருந்தது. அளவு பார்க்கும் கேஜில் ஒரு பாகம் சரியாக உட்கார்ந்ததற்காக முழுச் சரக்கையும் அனுப்பிவிடுவாளா என்ன?

பத்தாம் நாள் காலை மாவு அள்ளும்போது கை நின்றது. டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மேல்மாவு ராகியின் சாம்பல் பழுப்பில் இருந்தது. கீழே போகப் போகச் சிவந்திருந்தது. கரண்டியால் ஓரமாகத் தோண்டினாள். அடித்தட்டில் கிட்டத்தட்ட மிளகாய்ப் பொடியாகவே இருந்தது.

"ஏங்க, இங்க வாங்க."

ராஜசேகர் பாதி ஷேவிங்கோடு வந்தான். அவள் எதுவும் சொல்லாமல் டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். அவன் முதலில் மாவைப் பார்த்தான், பிறகு சுவரில் காலண்டரை, பிறகு மறுபடியும் மாவை.

"கோதுமையும் இப்டித்தான் இருந்திருக்கும்," என்றாள். "வெள்ளையா இருந்ததால கண்ணுல படல."

நுரை அவன் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கத் தோன்றாமல் நின்றான். "எட்டு மாசமா," என்றான்.

கடைசி இரண்டு நாள் களியைத் தின்பது பெரும்பாடாக இருந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. வாய் எரிந்தது, காது எரிந்தது. வயிறு மட்டும் அலுங்காமல் குலுங்காமல் இருந்தது. அந்த எரிச்சலில் ஒரு நேர்மை இருந்ததாக அவளுக்குப் பட்டது. வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற பொருள். இத்தனை நாள் சொல்லாமல் வந்ததைத்தான் அவள் தன் ஆசையிலும் கனவிலும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதன் பிறகு மாதம்மாளே ஒரு வழி செய்தாள். மிளகாய் மிஷினில் முதலில் இரண்டு படி அரிசியை ஓட்டி, பிறகு துணி மாற்றி, ராகியைப் போட்டாள். களியின் உறைப்பு, ஊறுகாய் தொட்டுக்கொண்ட அளவுக்கு இறங்கியது. சிவந்த அரிசி மாவில் மாதம்மாள் முறுக்குச் சுட்டு, "இது உன் முறுக்குதான், பெருங்காயம் போடல," என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். முறுக்கு சுட்ட எண்ணெயில் அதற்கு முன் என்ன பொரித்தது என்று பூங்கொடி கேட்டாள். மாதம்மாள் கோபப்படாமல் யோசித்து, "பூரி," என்று சொல்லிப் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து, பெங்களூரில் டாக்டர் தாளைப் பார்த்துப் புருவம் தூக்கினார். எழுபத்திரண்டு.

"வெரி குட். பாத்தீங்களா? ஒழுங்கா இருந்தா குறையும்னு சொன்னேன்ல. இனிமே மனசைக் கட்டுப்படுத்தி இப்படியே இருங்க."

பூங்கொடி சரி என்று தலையாட்டப் போனாள். எண் குறைந்துவிட்டது, கடினமான மாத்திரை இல்லை, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். எதற்கு வளர்ப்பது?

"இல்ல டாக்டர்," என்றான் ராஜசேகர். அவன் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "அவ அப்பவும் ஒழுங்காத்தான் இருந்தா."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்புறம் எப்படி நூத்தி அறுபத்தஞ்சு?"

"அது வந்து, மிளகா மிஷின்..." ராஜசேகர் கைகளால் காற்றில் ஒரு டப்பாவைக் காட்டி, அதைச் சாய்த்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவள் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு. நீதான கண்டுபிடிச்ச."

வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட நர்ஸ் கதவைத் திறந்தாள். டாக்டர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பூங்கொடி நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர், உங்க வீட்டுக்கு ராகி மாவு எங்க அரைக்கிறீங்க?"