காற்றுப் புட்டியைத் திருடியவன்

மில்லுக்கு எதிரே தவசியின் காபிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் காபி இரண்டாம்பட்சம்தான். வாரப் பத்திரிகையில் வரும் சந்திர மண்டலக் கதையைத் தவசி உரக்க வாசிப்பார். மில்லாட்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். இந்த வாரம் கதை எழுதுகிற மகராசன் ஒரு கொள்ளியைச் செருகியிருந்தார். சந்திரனுக்குப் பாதி தூரம் போன கப்பலில் காற்றுப் புட்டி ஒன்றைக் காணோம். இயந்திரம் துடைக்கிற சடையன் மேல் சந்தேகம். "குற்றவாளி யார்? வாசகர்கள் எழுதலாம்" என்று அடியில் போட்டிருந்தது.

"இதுல எழுத என்ன இருக்கு? சடையன்தான்," என்றான் பால்பாண்டி. "அவன் பாட்டன் திருடன்னு மூணாம் வாரமே வந்துருச்சுல்ல. வெத ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா மொளைக்கும்?"

காளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனும் பால்பாண்டியும் ஏழு வருஷமாக ஒரே இயந்திரத்தில் நிற்பவர்கள். இருவருக்கும் நடுவே பெஞ்சில் கிடக்கும் பால்பாண்டியின் சுருக்குப்பையிலிருந்து கேட்காமலே வெற்றிலை எடுக்கிற உரிமை காளைக்கு உண்டு. ஆனாலும் தான் பேரையூர்ப் பக்கம் என்பதற்கு மேல் அவனிடம்கூட ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால், நாளைக்கு மில்லில் ஒரு கண்டு நூல் குறைந்தாலும் முதலில் யார் மடியைத் தடவுவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

"ஏன் மாப்ள, அந்தப் புட்டியத் தூக்கிட்டுப் போயி வானத்துல எந்தச் சந்தையில விப்பான்? பரவைச் சந்தையிலயா? காத்துக் கொறஞ்சா அவனுந்தான சாவான்?"

"திருட்டு ரத்தம் லாபநட்டம் பாக்காது மாப்ள. கை சும்மா இருக்காது."

"பாத்தவன் எவன்? கப்பல்ல மத்த ஏழு பேரை எவனாச்சும் ஒரு கேள்வி கேட்டானா? போன வாரம் அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரு புட்டி ரூமுல என்ன பண்ணுனாரு?"

"டாக்டரு படிச்சவரு!"

"படிச்சவன் மூச்சு விடமாட்டானா?" காளை பெஞ்சைத் தட்டிய தட்டில் டம்ளர் உருண்டது. கதைக்குப் போய் இம்புட்டுக் கோபமா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

தவசி ஒரு தாளில் "சடையனே குற்றவாளி" என்று எழுதினார். எழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தெரியாதவர்கள் மைத்துணியில் பெருவிரலைத் தொட்டு ஒற்றினார்கள்.

"எனக்குத் தனித் தாளு போடுங்கண்ணே. சடையன் திருடலன்னு எழுதுங்க," என்றான் காளை.

எழுதிக் கொடுத்தார். கோபத்தில் காளை யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெருவிரலை மையில் தொட்டு, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிதானமாக உருட்டினான். அடுத்து ஆள்காட்டி விரல். அடுத்து நடுவிரல். வலக்கை முடிந்து இடக்கையை நீட்டியபோதுதான் கடையில் பேச்சு நின்றுபோனது அவனுக்கு உறைத்தது.

"பத்திரத்துக்கே ஒத்த விரல்தானப்பா கேப்பாங்க," என்றார் தவசி மெதுவாக. "பத்தும் உருட்டி எடுக்குறது போலீஸ் டேசன்லயில்ல?"

இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஆமண்ணே, டேசன்தான். பதினெட்டு வயசுல எடுத்தாங்க. கைரேகைச் சட்டம்னு சொல்லி எங்க ஊரு ஆம்பளைக அம்புட்டுப் பேரு கையையும் எடுத்தாங்க. எதத் திருடுனேன்னு ஒருத்தனும் கேக்கல. அய்யா பேரு என்னன்னுதான் கேட்டான். சொன்னேன். அது போதும்னுட்டான்! வயித்தெரிச்சலா இருக்குண்ணே. வானத்துல போறவனையும் விடமாட்டீங்களா?"

பால்பாண்டி தலை குனிந்திருந்தான். பாவம், நிஜமாகவே வருத்தப்பட்டான். ஆனால் அவன் கை, அவனைக் கேட்காமலே, பெஞ்சில் கிடந்த சுருக்குப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

காளை அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, இடக்கை விரல் ஐந்தையும் ஒவ்வொன்றாக உருட்டி முடித்தான். தாளைத் தவசி பக்கம் தள்ளினான்.

"கை சும்மா இருக்காதுன்னு சொன்னியே மாப்ள," என்றான். "யாரு கையச் சொன்ன?"