மூக்குத்தியைத் தொட்ட விரல்

யுத்தம் முடிந்தும் கூட்டம் குறையாத அரக்கோணம் ரயிலிலிருந்து தமயந்தி திருத்தணியில் இறங்கும்போதே, தம்பி ஆனந்தனின் கைகள் பேச ஆரம்பித்துவிட்டன. பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது; பேச்சும் வரவில்லை. சிறு வயதில் அக்காவும் தம்பியுமாக உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான் அவன் பாஷை. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. நெற்றியில் மூன்று விரலைக் குறுக்கே இழுத்தால் திருத்தணி, மேலே இழுத்தால் திருப்பதி. இன்றைக்கு அவன் கேட்டது ஒன்றுதான்: பெண் எப்படி இருப்பாள்?

மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்கும் கடை அவனுடையது. அங்கே தெலுங்குக்காரரும் தமிழ்க்காரரும் விரலைக் காட்டித்தான் வாங்குவார்கள். கடையில் அவன் குறை வெளியே தெரியாது. கல்யாணப் பேச்சு அப்படி நடந்துவிடுமா? அதற்காகத்தான் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து தமயந்தி வந்திருந்தாள்.

அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் பங்காரு, மகள் அம்சாவோடும் தங்கை எல்லம்மாளோடும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மலைக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டில் ஆனந்தனின் அம்மா மணியம்மையோடு உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு.

சந்நிதியில் மணி அடித்தபோது எல்லம்மாள், "இம்மாஞ் சத்தமா மணி அடிச்சிகினு இருக்காங்களே, மாப்பிள்ளைக்கு எது கேக்கப்போவுது?" என்றாள்.

என்ன சொல்கிறார்கள் என்று ஆனந்தன் புருவத்தை உயர்த்தினான். நீ பக்தியாகக் கும்பிடுகிறாயாம் என்று தமயந்தியின் கை சொன்னது. அவன் எல்லம்மாளுக்கே ஒரு கும்பிடு போட்டான். அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண்ணுக்கு வெட்கம் என்று தமயந்தி நினைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பியும் அவள் கைக்கு ஓய்வில்லை. தொண்டை வறண்டது, மணிக்கட்டு கடுத்தது. இருந்தாலும் மனசு நிறைந்திருந்தது. இந்த வீட்டில் அவள் இல்லாமல் ஒரு பேச்சு நகராது. இப்படி ஒரு நாள் முடிந்தால் ஆனந்தன் அவள் கையை மடியில் வைத்து விரலுக்கு விரல் சொடக்கு எடுத்துவிடுவான். அதற்காகவே எத்தனை தரம் வேண்டுமானாலும் வரலாம்.

பங்காரு தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு கேக்கணும்மா. எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. மாப்பிள்ளை எங்க வீட்டோட வந்து இருப்பாரா? எம்புள்ளையா வெச்சிக்கறேன். கேட்டுச் சொல்லு."

தமயந்தி தம்பியைப் பார்த்தாள். அந்த ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? இனி அவளை யார் கூப்பிட்டு அனுப்புவார்கள்? இதில் எது முதலில் தோன்றியது என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் விரல் மூக்குத்தியைத் தொட்டது. கை வாசல் பக்கம் வீசியது. அம்மாவைத் தள்ளிவிட்டு வந்துவிடுவாயா என்று கேட்கிறார்களாம்.

ஆனந்தன் முகம் சுருங்கியது. வேகமாகத் தலையாட்டி மறுத்தான்.

"வர மாட்டானாம்," என்றாள் தமயந்தி. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

பங்காரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, நமக்குக் குடுத்து வெக்கல."

"இரு நைனா," என்றாள் அம்சா. அவள் தமயந்தியின் பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா, எங்க நைனா உங்கம்மாவப் பத்தி ஒண்ணும் கேக்கலையே. மூக்கத் தொட்டுத்தான் அவரு உங்கம்மாவக் காட்டினாரு. நீங்க மூக்குத்தியத் தொட்டு, அவங்களத் தள்ளிவிடற மாதிரி கையை வீசினீங்க. கோயில்லகூட எங்க அத்த சொன்னது வேற, நீங்க காட்டினது வேற."

தமயந்தி கைகளை மடியில் இறக்கிக்கொண்டாள்.

"எங்க வூட்ல நாலு தறி ஓடுதுக்கா. அந்தச் சத்தத்துல யாரு வாயால பேசறது? சோறு, தண்ணி, சண்டை எல்லாமே கைதான்."

அவள் ஆனந்தனுக்கு நேராக உட்கார்ந்தாள். தறியில் நாடாக்கட்டை ஓடுவதுபோல் கையை இப்படியும் அப்படியும் ஓட்டினாள். உள்ளங்கைகளைக் கூரையாகச் சேர்த்தாள். தன் நெஞ்சைத் தொட்டு, அவனைக் காட்டி, வா என்றாள். பிறகு அப்பாவைக் காட்டி, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வதுபோல் கையை மடித்தாள்.

ஆனந்தனின் கண் விரிந்தது. அவன் மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. தமயந்தி தரையைப் பார்த்தாள்.

அவன் அம்மாவைக் காட்டி, என்ன செய்வது என்று கையை விரித்தான். மணியம்மைக்கு அதை எடுத்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

"அம்மையார்குப்பம் என்னா சீமையிலயா இருக்குது? வண்டி கட்டினா வந்துட்டுப்போறேன். போடா!" என்று கையை ஆட்டினாள்.

ஆனந்தன் உட்கார்ந்தபடியே காற்றில் தறி மிதித்துக் காட்டினான். "ஆங், ரெண்டு கால்லயும் ஒரே மிதி மிதிச்சா நூலு அறுந்துபூடும்," என்றாள் எல்லம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தன் அம்சாவைப் பார்த்தான். எல்லம்மாள் சொன்னதை அவள் அப்படியே கையால் சொன்னாள். அவனும் சிரித்தான்.

சாயங்காலம் ரயிலடியில் ஆனந்தன் எப்போதும்போல் தமயந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். வலி இல்லை என்று தலையசைத்தாள். அவன் விடவில்லை, வலது கையை வெளியே இழுத்தான். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்தான்.

மூக்குத்தியைத் தொட்ட விரல் வந்தபோது தமயந்தி அதை மடக்கிக்கொண்டாள். அவன் காத்திருந்தான். ரயில் வந்து நிற்கும்வரை அவளால் அதை நீட்ட முடியவில்லை.