ஐந்தாவது விரல்

ராமுத்தாய் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வந்தாள். அவள் இல்லாத நாட்களில் வீரலட்சுமி வெட்டிய திரியில் ஒரு கட்டு, திரி வெட்டும் பலகையில் மீந்திருந்தது. ராமுத்தாய் தன் முதல் கட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். வீரலட்சுமியின் கட்டு ஒரு விரல் அகலம் கூடுதல் நீளமாக இருந்தது.

வெடிக்குத் திரி நாலு விரல். அந்தக் கம்பெனியில் அதுதான் அளவு. இடது கை விரல்கள் நாலையும் சேர்த்துத் திரிகளின் மேல் வைத்து, ஓரத்தில் கத்தியை இறக்க வேண்டும். பதினோரு வருடமாக அவள் அப்படித்தான் இறக்கினாள்.

அடுத்த கட்டடத்தில் காகிதம் சுருட்டிக்கொண்டிருந்த வீரலட்சுமியிடம் போனாள்.

"நீ எத்தனை விரல் வச்சே?"

"நாலுதான். ஏன்க்கா?"

"கையைக் காட்டு."

இருவர் கைகளும் ஒட்டி நின்றன. வீரலட்சுமியின் நாலு விரல், ராமுத்தாயின் ஐந்து விரல் அகலம் இருந்தது. வீரலட்சுமி மல்லாங்கிணறு பக்கம் கரிசல் காட்டில் களை வெட்டி வளர்ந்தவள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எக்கா, ஒனக்குச் சின்னப்புள்ள வளையல்தான் சேரும் போல. இம்புட்டுக் கையை வச்சுக்கிட்டு எப்படிச் சோறு பிசையிறே?"

ராமுத்தாய் கையை இழுத்துக்கொண்டாள்.

மத்தியானம் போர்மேன் சங்கையா காலி நிலத்தில் மாதிரி வெடி வைத்துப் பார்ப்பார். நீளக் கம்பின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, எட்ட நின்று வைப்பார். வெடித்தால் சரி. ராமுத்தாய் இரண்டு வெடிகளோடு போய் நின்றாள். ஒன்றில் அவள் வெட்டிய திரி. மற்றதில் வீரலட்சுமியின் திரி. அதுவரை அவள் ஒரு வெடிகூட வைத்ததில்லை.

"அண்ணாச்சி, ஊதுபத்தியைக் குடுங்க. நான் வைக்கேன்."

"கம்பைப் பிடி."

"கம்பு வேண்டாம். வாங்குறவுக கம்பா வச்சிருப்பாக?"

"காய்ச்சல் மண்டைக்கு ஏறிருச்சா, தாயி?"

குனிந்து தன் திரியில் நெருப்பை வைத்தாள். திரும்பினாள். இரண்டாவது எட்டு எடுப்பதற்குள் வெடித்தது. கெண்டைக்காலில் மண் தெறித்தது. காது அடைத்துக்கொண்டது.

அடுத்ததை வைத்தாள். வேப்பமரம் வரை நடந்து, திரும்பி நின்றாள். பிறகு வெடித்தது.

"ரெண்டும் வெடிச்சிருச்சுல்ல?" என்றார் சங்கையா. "பதினோரு வருசமா எவனும் ஒரு கடுதாசி போட்டதில்லை."

"கை வெந்து கெடக்கவன் கடுதாசியா எழுதுவான், அண்ணாச்சி?"

சங்கையா கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் கட்டைவிரலையும் சேர்த்து வைத்தாள். கத்தி பழைய இடத்திலேயே இறங்கப் பார்த்தது. இரண்டு தடவை நகத்தைச் சீவியது. ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்தி, பார்த்து, வெட்டினாள். வெட்டிய கட்டுகள் குறைந்தன. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைக்காமல் படுத்தாள். மூன்றாம் நாள் வேகம் வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் கொடுத்த பத்துத் திரிச் சுருள்களும் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டன.

சங்கையா வந்தார்.

"பத்துச் சுருளும் எங்கன போச்சு?"

"அஞ்சு விரல் வச்சேன்."

"யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"பெறகு? தீவாளி சீசன். அங்கன திரி செருகுற பொம்பளைக கையைக் கட்டிக்கிட்டு இருக்காக. மொதலாளி கேட்டா, ஒனக்குப் புத்தி வந்துருச்சு, அதனால கூடுதல் திரி வேணும்னு சொல்லவா?"

அவள் கத்தியைத் துடைத்துப் பலகையில் வைத்தாள்.

"நாலு வை, பலகையில இரு. அஞ்சுதான்னா களத்துக்குப் போ."

களம் என்றால் வெடி காயப்போடும் இடம். நாள் முழுக்க வெயில். குனிந்த முதுகு நிமிராது. பலகைக்கு வருமுன் ஐந்து வருடம் அவள் அங்கேதான் இருந்தாள். முழங்கால் அங்கேதான் கெட்டது. பலகைக்கு மேல் ஓட்டுக்கூரை இருந்தது. பின்னால் சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்தது.

நாலு வைக்கலாம். யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் முன்பு அவளுக்கே தெரியாது.

"வீரலட்சுமியைப் பலகைக்குப் போடுங்க" என்றாள்.

"அவ எத்தனை வைப்பா?"

"நாலுதான் வைப்பா."

"அப்பச் சரி" என்றார் சங்கையா.

மறுநாளும் மூன்று மணிக்குத் திரி தீர்ந்துவிட்டது. சங்கையா பலகைக்கு வந்து, எத்தனை விரல் என்று கேட்டார். நாலு என்றாள் வீரலட்சுமி. அவள் கையைப் பலகையில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். நாலுதான் இருந்தது. இன்னும் இரண்டு சுருள் எடுத்துவர ஆள் அனுப்பினார்.

களத்தில் புரட்டாசி வெயில் தரையிலிருந்தும் அடித்தது. வெடிகளைப் பகலில் இரண்டு தடவை புரட்டிப் போட வேண்டும். இரண்டாவது தடவைக்குப் பிறகும் சிலவற்றின் அடிப்பக்கம் ஈரமாக இருப்பது விரலுக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவையும் புரட்டினால் நல்லது என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். முடியவில்லை. வெடி பரப்பிய பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குப் பார்க்கலாம்.

வேலை விட்டு வீரலட்சுமி அந்த வழியாக வந்தாள்.

"கிறுக்கச்சியா நீ? நல்ல எடத்தை விட்டுட்டு இங்கன வந்து கெடக்கே. பலகை எம்புட்டுச் சொகமா இருக்கு தெரியுமா?"

"தெரியும்" என்றாள் ராமுத்தாய்.

எழுந்திருக்கக் கையை நீட்டினாள். வீரலட்சுமி பிடித்துத் தூக்கிவிட்டாள்.