நிரம்பாத குறி

வாசகர்களே, சற்று நில்லுங்கள்! ஒரு பெண்ணின் தலையில் பழி ஏற்றப்பட்ட விதத்தைப் பாருங்கள். பார்த்தபின் வாய்மூடி இருக்க முடிகிறதா என்று சொல்லுங்கள்.

ஆம்புலன்சை அழைக்கும் செயலியைத் தயாரிக்கும் நிறுவனம் அது. அதன் அமைப்புக் கோப்பில் கட்டுப்பாட்டு அறையின் எண் இருக்காது. அந்த இடத்தில் @@அவசர_எண்@@ என்றொரு குறி இருக்கும். மென்பொருளைக் கட்டமைக்கும்போது அந்தந்த ஊரின் எண்ணைக் கருவியே இட்டு நிரப்பும். நிரம்பாத குறி ஒன்று மிஞ்சினாலும் வேலை நின்றுவிடும்படி ஒரு சோதனையை எழுதி வைத்திருந்தாள், அப்பணியைக் கவனித்த பெண்.

சோதனை அடிக்கடி வேலையை நிறுத்தியது. மேலாளருக்குப் பொறுக்கவில்லை. அவர் வேறு யாருமல்லர். அவளுடைய அக்காள் கணவர்.

"வாசல்ல நாய் கட்டின மாதிரி, வர்றவன் போறவனை எல்லாம் பார்த்துக் குரைக்குதே உன் சோதனை! எடுத்துப் போடு."

"திருடன் வந்தாத்தானே அத்தான் குரைக்குது? திருடன் யாருன்னு பாருங்க."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இங்க நான் அத்தான் இல்ல. எடுன்னா எடு."

எடுத்தாள். புதிய ஊருக்கான கோப்பை அவசரத்தில் அவரே திருத்தினார். குறியின் முடிவில் இரண்டு @ இட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இட்டார். கருவிக்கு அது குறியாகவே தெரியவில்லை, தொடாமல் விட்டது. தடுக்க ஏதுமின்றிச் செயலி வெளியே போயிற்று. அவ்வூரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கணவனுக்காக ஒருத்தி பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். அழைப்பு எங்கும் போகவில்லை. அவன் பிழைக்கவில்லை.

அந்தச் சாவு குறித்த விசாரணைக்கு முந்தின நாள் அக்காள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவருக்கு ரெண்டு பிள்ளைங்கடி. நீ ஒண்டிக்கட்டை, உனக்கு வேற வேலை கிடைக்காதா? சோதனையை நானாத்தான் எடுத்தேன், அவர் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"செத்தவருக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டியாக்கா?"

"இந்த நாக்குக்குத்தான்டி ஒருத்தனும் உன்னைக் கட்டிக்க வரல."

விசாரணையில் அவள் உண்மையைச் சொன்னாள். அன்று சிரித்த வாய்கள் அத்தனையும் "அப்படி எதுவும் எங்க காதுல விழலையே" என்றன. வேலை போயிற்று; அக்காள் வீட்டுக் கதவும் அடைபட்டது. அத்தான் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அந்தச் சோதனை திரும்ப வைக்கப்படவே இல்லை!

மென்பொருள் கட்டும் தோழர்களே, உங்கள் அறையிலும் அப்படியோர் உத்தரவு எழும். அப்போது சிரித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஒளியாதீர்கள். எழுந்து நில்லுங்கள், இந்த உத்தரவு யாருடையது என்று உரக்கக் கேளுங்கள், கேட்டதைக் கேட்டதாகவே சாட்சி சொல்லுங்கள்!